மதராஸில் பிறக்காத ஒருவரின் மூன்று பதக்கங்கள்

அனுப்புநர்:
திருமதி கிரிஜா ஜெயரட்ணம்,
மருத்துவத் தாதி,
செவன் ஹில்ஸ், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
பொதுமக்கள் முறைப்பாட்டு விசாரணை அலுவலகம்,
சிட்னி.

பொருள்: முதலாம் உலகப் போர் வீரர் திரு. வில்பிரட் கார்மொடி அவர்களின் மூன்று பதக்கங்கள் காணாமற் போனமையும், உயிரோடிருக்கும்போதே அவரை வேற்று ஆளாக்கிவிட்டமையும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று தங்கள் அலுவலக வாசலில் பலகை தொங்குவதைக் கண்டே தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிப் பதில் வந்தது, வேறொன்றும் வரவில்லை. என் ஆங்கிலம் மருந்துச் சீட்டு வாசிக்கப் போதும், கோபப்படப் போதாது. இதை மொழிபெயர்ப்பவர் எங்கள் தமிழ் மன்றத்தின் அங்கத்தவராக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். சிட்னியில் அப்படி ஒரு தமிழரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

1. திரு. கார்மொடி நான் வேலை செய்யும் வைத்தியசாலையின் முதியோர் வாட்டில் படுத்திருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இந்த நாட்டின் பூர்வீகக் குடியில், டபோவுக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரையில் பிறந்த கறுப்பு மனிதர். 1916இல் படையில் சேரப் போனபோது, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஊருக்கு நடந்து போய், தான் இந்தியன் என்றும் மதராஸில் பிறந்தவன் என்றும் சொன்னார். துணி விற்க வந்த வியாபாரி ஒருவர் வாயிலிருந்து கேட்ட அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். பிரான்சில், குண்டடிபட்டு முட்கம்பிகளுக்கிடையில் கிடந்த தன் அதிகாரியை முதுகில் சுமந்து வந்ததற்காக வீரப் பதக்கம் ஒன்றும், போர் முடிந்தபின் மற்றவர்களுக்குப் போல இன்னும் இரண்டும் கிடைத்தன. மூன்றின் விளிம்பிலும் அவர் பெயர் பொறித்திருக்கிறது.

2. அவருக்கு ரூபி என்று ஒரே மகள். ஆறு வயதில் அரசாங்கத்தார் தாயின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் விடுதியில் போட்ட பிள்ளை. இப்போது பேரப்பிள்ளை கண்ட பெண். போன வருடம்தான் தகப்பனைத் தேடிக் கண்டுபிடித்தார். ஏப்ரலில் நடக்கும் போர்வீரர் நினைவு அணிவகுப்பில் ரூபி அந்தப் பதக்கங்களை, வீரர்களின் பிள்ளைகள் குத்துவதுபோல வலது மார்பில் குத்திக்கொண்டு நடக்க வேண்டும், இவள் கார்மொடியின் மகள் என்று ஊர் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இல்லை.

3. மதராஸ் வீரர் ஒருவர் எங்கள் வாட்டில் இருப்பதாக யாரோ தமிழ் மன்றத் தலைவர் திரு. கோபாலகிருஷ்ணன் காதில் போட்டிருக்கிறார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு, ஐயா. உலகத்தில் எவன் எங்கே பேர் எடுத்தாலும், அவன் பூட்டன் தமிழன் என்று நிறுவாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. இவ்வருடம் சித்திரைப் பிறப்புக்கு முன் தலைவர் பொன்னாடை, எலுமிச்சம்பழம், புகைப்படக்காரர் சகிதம் வந்து சேர்ந்தார். மதராஸில் பிறந்தவர்தானே என்று கிழவரிடம் கேட்டார். அந்தப் பழைய பொய்யை விசாரிக்க அரசாங்கம் ஆள் அனுப்பிவிட்டது, இனி ஓய்வூதியம் போய்விடும், சிறையும் கிடைக்கும் என்று பயந்து கிழவர் ஆமென்று தலையாட்டிவிட்டார்.

நான் குறுக்கே போய், "ஐயா, பொறுங்கோ, இவர் எங்கட ஆள் இல்லை" என்றேன். தலைவர் சொன்னது இது: "சும்மா இரும்மா, சிலோன்காரங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஆஸ்திரேலியாவுக்காக ரத்தம் சிந்தின முதல் தமிழன் இவர்!" எனக்கு வந்த கொதிக்கு அந்த எலுமிச்சம்பழத்தை அவர் வாயிலேயே திணித்திருப்பேன். நான் சீருடையில் இருந்தபடியால் தப்பினார். புத்தாண்டு விழாவில் காட்சிக்கு வைத்துவிட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று பதக்கங்களையும் கொண்டு போனார்.

4. அந்த விழாவுக்குப் பழுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்திருந்தார். யார் அழைத்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பதக்கங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி இலவசமாகச் செய்து தருகிறேன் என்றாராம். தலைவர் உடனே தூக்கிக் கொடுத்துவிட்டார். கேட்டால் கையை விரிக்கிறார்: "பெரிய மனுஷர்ம்மா, விலாசம்கூட குடுத்துட்டுத்தான் போனார்." மெல்பேர்னில் இருக்கும் சிறி என்ற என் தம்பியை அந்த விலாசத்துக்கு அனுப்பினேன். அந்த நகருக்கு வெளியே, ட்ருகனினாவில், அது முட்செடி மண்டிய வெறும் புல்வெளி. அங்கே எந்தக் காலத்திலும் வீடு இருந்ததில்லை என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாராம்.

5. ஐயா, அந்தப் பழுப்புக் கோட்டு மனிதர் போன மாதம் எங்கள் வாட்டுக்கே வந்தார். திரு. கார்மொடியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வாதம் வந்து பேச்சு நின்றுபோன இன்னொரு கறுப்புப் போர்வீரரின் கட்டிலருகில் நின்று, இவரைப் பார்க்க ஆராவது வருவார்களா என்று பொறுப்புத் தாதியிடம் வெகு மரியாதையாக விசாரித்திருக்கிறார். ஒருவரும் வருவதில்லை என்று அவரும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். நான் செய்தி கேட்டு ஓடி வருவதற்குள் ஆள் போய்விட்டது. போகும்போது, கிரிஜாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவரை நான் ஒருநாளும் சந்தித்ததில்லை. அடுத்த நாள் அந்த நோயாளியின் மேசை லாச்சியைத் திறந்து பார்த்தோம். அவருடைய பதக்கமும் இல்லை.

6. ரூபி பொலிசுக்குப் போனார். படைப் பதிவில் பிறந்த இடம் மதராஸ் என்றிருக்கிறது, அது சரியென்று மன்றமும் கடிதம் கொடுத்திருக்கிறது, பூர்வீகக் குடிப் பெண்ணாகிய நீ அவருக்கு எப்படி மகளாவாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முறைப்பாடு செய்யும் உரிமை மன்றத்துக்குத்தானாம். மன்றமோ மானம் போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. கிழவர் தானே உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் சிறை என்று அறுபது வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் மனிதரை என்னால் அசைக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள் எங்கள் ஊரில். இது குரங்கோடும் நிற்கவில்லை.

7. போன கிழமை அவர் கட்டில் அட்டையில் சமயம் 'இந்து' என்று மாற்றப்பட்டிருக்கிறது. ஆட்டிறைச்சி கேட்கும் மனிதருக்குப் பருப்பும் கீரையும் வருகிறது. அவர் காலமானதும் உடலை மன்றமே பொறுப்பேற்று, இந்து முறைப்படி எரியூட்டும் என்று வைத்தியசாலைக்குக் கடிதமும் வந்துவிட்டது. அதைத் தடுத்துக் கையெழுத்திட ரூபிக்கு உரிமை இல்லை. டொக்டர் சொல்வதைப் பார்த்தால் அதிக நாள் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. வெட்கமாகவும் இருக்கிறது.

ஆகவே, பழுப்புக் கோட்டு மனிதரைத் தேடிப் பிடித்துப் பதக்கங்களை மீட்கவும், ரூபியை மகளென்று பதிவு செய்யவும், 1916இல் சொன்ன பொய்க்கு எந்தத் தண்டனையும் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு திரு. கார்மொடிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவும் தங்களை மன்றாடிக் கேட்கிறேன். மூன்றில் ஒன்றைத்தான் உடனே செய்யலாம் என்றால், அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள். அது கைக்குக் கிடைத்தால்தான் அவர் இவள் என் மகள் என்று வாய்விட்டுச் சொல்வார்.

உங்கள் ஆட்கள் செத்தவர்களை என்ன செய்வார்கள் என்று முந்தநாள் அவர் என்னிடம் கேட்டார். எரிப்பார்கள் என்று நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு நான் மருந்து கொண்டு போனால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்கிறார். தங்கள் அதிகாரி வரும்போது ரூபியை முன்னால் விடச் சொல்லுங்கள். என் முகத்தைக் கண்டால் அவர் வாய் திறக்க மாட்டார்.

இடம்: செவன் ஹில்ஸ்
திகதி: 21 ஆகஸ்ட் 1978

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கிரிஜா ஜெயரட்ணம்