மிச்சம் வைத்த கடி

இன்று காலை பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியைத் தூக்கப் போனேன். மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. டிங்சர் புட்டியைத் திறந்ததும் அந்த நெடியோடு நீங்கள் வந்து நின்றீர்கள், மாமா. உங்களை நான் அழைக்கவில்லை. வந்துவிட்டீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் இருந்தவரை நாம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இராஜபாளையத்தில் உங்கள் வீட்டு வழக்கம் அது. மருமகள் மாமனாரிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமானால் அத்தை நடுவில் இருக்க வேண்டும். சென்னையில் பி.ஏ. படித்து, மேடையேறி ஆங்கிலத்தில் வாதாடிப் பரிசு வாங்கிய நான் அதற்கு இணங்கினேன். அந்த வெட்கம் என்னுடையது. உங்களுக்குப் பங்கு இல்லை.

யுத்தக் காலம். அரிசி கிடைப்பதே அரிது. கிடைத்ததை எலி தின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்வீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கூடையில் வைத்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவால் ஓடிய பஸ்ஸில் கொண்டுவந்தேன். நீங்களோ வேட்டை நாய் வளர்த்துப் பெயர் வாங்கியவர். நான்கு கால் உள்ள எதற்கும் உங்களிடம் ஒரே பாடம்தான். துண்டைக் கையில் சுற்றிக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டினீர்கள். "புடிலே! விடாத, புடி!" காட்டுப்பன்றியைக் கவ்வ வேண்டிய நாய்க்குட்டிக்கு அது பொருந்தும். எலி பிடிக்க வந்ததற்கு மனிதக் கையை இரையாகக் காட்டினீர்கள். முதல் ரத்தம் வந்தபோது, டிங்சரைத் தடவிக்கொண்டே "நம்ம வீட்டுப் புள்ளைல்லா!" என்று பூரித்தீர்கள்.

ஒரே மாதத்தில் கொசுவலை கந்தலாயிற்று. மெத்தைப் பஞ்சு கூடமெங்கும் பறந்தது. நடக்கிற கால் எல்லாம் அதற்குப் பன்றியாயிற்று. அதுவரை நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். தேவதானத்திலிருந்து நாய்க்குட்டி வாங்க வந்த பண்ணையாரின் குதிகாலில் அது தொங்கியது. "அண்ணாச்சி, நாய் கெடக்கட்டும். இந்தப் பூனைக்கு என்ன வெல சொல்லுதிய?" என்று அவர் கேட்டதும் உங்கள் முகம் கறுத்தது. அவர் போனதும் அத்தையை அழைத்தீர்கள்.

"ஏட்டி, நாளைக்கே அதைச் சாக்குல கட்டி அய்யனார் கோவில் ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வரச் சொல்லு."

அந்த மலையடிவாரத்தில் ஒரு குட்டியை விடுவதென்றால் கொல்வதுதான். கதவோரம் நின்று சொன்னேன்: "அத்தை, பதினஞ்சு நாள் தரச் சொல்லுங்க. அதுக்குள்ள கடி நிக்கலைன்னா நானே சாக்கைக் கட்டுதேன்."

"கேட்டுச்சுல்லா?" என்றார் அத்தை, அரிசி புடைத்தபடியே.

"பி.ஏ. படிச்சது பூனைக்கு வாத்திச்சியா இருக்கவான்னு கேளு."

"பூனைக்கு இல்ல, அத்தை. கையை நீட்டுதவியளுக்கு. மாமா கையை மடியிலயே வச்சுக்கிடணும்னு சொல்லுங்க."

அத்தை முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பதினைந்து நாள் கிடைத்தது.

நூல்கயிற்றின் நுனியில் கோழி இறகைக் கட்டி, காலையும் மாலையும் மூச்சிரைக்கும் வரை குட்டியை ஓடவிட்டேன். இறகைப் பிடித்ததும் உடனே சோறு. கிழிப்பதற்கென்று தூணில் பழைய சாக்கைச் சுற்றினேன். கடித்தால் அடிக்கவில்லை, கையை வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. அசையாமல் இருந்து, பல் தளர்ந்ததும் எழுந்து போனேன். பன்னிரண்டாம் நாள் என் விரலை வாயில் வாங்கியது, சற்று யோசித்தது, விட்டுவிட்டது.

மறுநாள், நான் அடுக்களையில் இருப்பதை மறந்து, மறுபடி துண்டைச் சுற்றினீர்கள். "புடிலே." அது துண்டைப் பார்த்தது, உங்களைப் பார்த்தது, திரும்பி உட்கார்ந்து வாலை நக்கியது. மூன்று முறை அழைத்தீர்கள். நான் சிரித்துவிட்டேன். அத்தையின் வழியாக அல்லாமல் உங்களை வந்தடைந்த என் ஒரே ஓசை அதுதான்.

பதினான்காம் நாள் தேர் பார்க்கத் தாய்வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது தூணில் சாக்கு இல்லை.

"குட்டி எங்க, அத்தை?"

"கடிச்சிருச்சுன்னு சொல்லுதாவ." பிறகு அத்தை குரலைத் தாழ்த்தினார். "கடிக்கலட்டி. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாவ. திரும்பிக்கூடப் பாக்கல."

நீங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தீர்கள்; அன்றைக்கென்று கைகள் மடியில் இருந்தன. பார்த்தேன். பழைய தழும்புகள் ஆறியிருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. பிடித்துச் சாக்கில் திணித்தபோதும் அது உங்களைக் கடிக்கவில்லை. கையைக் கடிக்கக் கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அதன் பிறகு எத்தனையோ வீட்டுக் குட்டிகளைப் பழக்கிவிட்டேன். இறகும் கயிறும் அதே முறைதான். ஆனால் எந்தக் குட்டியின் பழக்கத்தையும் பன்னிரண்டாம் நாள் வரை கொண்டுபோவதில்லை; அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். பிடித்துத் தூக்கும் கைக்கென்று ஒரு கடியை மிச்சம் வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் குட்டியும் நான் பழக்கியதுதான்; இன்று காலை என் மணிக்கட்டில் விழுந்தது அந்த மிச்சம்தான். அது உங்களுக்குச் சேர வேண்டியது, மாமா. டிங்சர் மட்டும் நான் போட்டுக்கொண்டேன்.