இழுப்பதும் சுமப்பதும்

வில்லிஸ்டன், நார்த் டகோட்டா
3 மே 2011

அன்புள்ள ரோனா,

போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். வண்டியில் கட்டி இழுக்கிற டிரெய்லர் வீடு ஒன்று வாங்கிவிட்டேன்! பிள்ளைகள் டெஸ்ஸாவுக்கும் கோடிக்கும் அடுக்குக் கட்டில்கூட இருக்கிறது. எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து வந்து தனியாக டப்பா பீன்ஸ் தின்றது போதும். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் அதை அங்கே இழுத்து வந்து, வீட்டுச் சாமானோடு உங்களையும் இங்கே அழைத்துக்கொள்கிறேன். "உங்க பிக்கப் வண்டி ஒம்பதாயிரம் பவுண்டு எடை இழுக்கும், கண்ணை மூடிட்டு ஓட்டுங்க" என்றார் விற்றவர். இந்த டிரெய்லர் ஏழாயிரம்தான்.

உன் லைல்

பில்லிங்ஸ், மொன்டானா
11 மே

அன்புள்ள லைல்,

கோடிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன்னிடம் காட்ட வைத்திருக்கிறான்.

சர்க்கரை ஆலை எடைமேடையில் ஆறு வருஷமாக லாரி நிறுக்கிறவள் சொல்கிறேன், கேள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. பிக்கப்பில் நீ ஏறுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டிய தாளைப் படி. ஆளும் சாமானும் சேர்த்து அது சுமக்கக்கூடியது ஆயிரத்து நானூறு பவுண்டுதான். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்துகிற தொள்ளாயிரமும் அதில் சேர்த்தி. நாம் நாலு பேர் ஐந்நூற்றைம்பது. உன் கருவிப்பெட்டி இருநூறு. நீயே கூட்டிப் பார்.

ரோனா

வில்லிஸ்டன்
17 மே

ரோனா,

"வர மனசில்லைன்னா நேரா சொல்லேன், ஏன் பவுண்டுக் கணக்கு படிக்கிறே?" என்று போனில் கேட்டேன். அதற்குள் அறுந்துவிட்டது. ஜூன் நாலாம் தேதி வருகிறேன். மூட்டை கட்டி வை.

லைல்

கிளெண்டைவ், மொன்டானா
9 ஜூன்

அன்புள்ள ரோனா,

ஆஸ்பத்திரியில் இடக்கையால் எழுதுகிறேன். வலது தோளெலும்பு முறிந்துவிட்டது. "பிள்ளைங்கள ஏத்த மாட்டேன், நீ வேணா போ" என்று நீ கோடியை வண்டியிலிருந்து இறக்கினபோது தெருவே பார்த்தது. அந்தக் கோபத்திலேயே கிளம்பினேன். கொக்கியில் பாரம் குறையட்டும் என்று வாஷிங் மெஷினையும் பெட்டிகளையும் டிரெய்லரின் பின்கோடிக்குத் தள்ளியிருந்தேன். அதுதான் வினை. இறக்கத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். பிக்கப்பையும் சுழற்றிப் பள்ளத்தில் போட்டுவிட்டது. பின்சீட்டின்மேல் கூரை இருக்கைவரை நசுங்கிக் கிடக்கிறது. கண்ணை மூடினால் அந்தச் சீட்டுதான் வருகிறது.

நீ சொன்னது சரி. ஒன்று மட்டும் சொல். சின்ன டிரெய்லராக, எடையெல்லாம் சரியாக இருந்திருந்தால் வந்திருப்பாயா?

லைல்

பில்லிங்ஸ்
15 ஜூன்

அன்புள்ள லைல்,

மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று.

வந்திருக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்துபோனபோதே எனக்குத் தெரியும். நீ இல்லாத வீடு பழகிவிட்டது. நான் எழுதிய எடை பொய்யில்லை. ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். மே மாதமே நேராகச் சொல்லியிருந்தால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு நீ வந்தே இருக்கமாட்டாய்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு அங்கே வருகிறேன், உன்னைப் பார்க்க மட்டும். நாம் இனி சேர்ந்து இருக்கப்போவதில்லை என்று டெஸ்ஸாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேருமாகச் சொல்வோம்.

ரோனா