மறியலில் பதிந்த வாக்கியம்

நேற்று தியாகதுருகம் அருகே சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பேருந்து ஓரமாக நின்றபோது பச்சை மரத்தின் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. உடனே நினைவில் நீயும் வந்துவிட்டாய், மடியில் டேப் ரெக்கார்டரோடு.

இடஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்த வருடம் அது. நாம் இருவரும் சென்னையில் ஆராய்ச்சி மாணவிகள், விடுதியில் ஒரே அறை. தமிழ் வாக்கியத்தைப் படித்து, யார் யாருக்கு என்ன செய்தார் என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை நீ எழுதிக்கொண்டிருந்தாய். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நம் ஆட்களோ எதை வேண்டுமானாலும் முன்னால் போட்டுப் பேசுவார்கள், கம்ப்யூட்டர் திண்டாடும். அச்சுப் புத்தக வாக்கியங்களே போதும் என்றார் உன் வழிகாட்டி. நீயா கேட்பாய்? "புக்கு மாதிரி எவன்டி பேசறான்?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் கிளம்பினாய். கல்வராயன் மலையில், வெள்ளிமலைச் சந்தைக்குக் கடுக்காய் விற்க வந்தவர்களிடம் காலையிலிருந்து நடந்ததை மட்டும் கேட்டாய். அதுதான் உன் முறை. ஒருவர் தன் ஆடு தொலைந்த கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

திரும்பும் வழியில், தியாகதுருகம் தாண்டியதும் மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட மரம் சாலையின் குறுக்கே கிடந்தது. மறுவாரம் நீ ஆய்வுக் குழுவின் முன் புரோகிராமை ஓட்டிக் காட்டவேண்டும். அவர்கள் சம்மதித்தால்தான் உதவித்தொகை தொடரும்; இல்லாவிட்டால் படிப்பே அந்தரத்தில் நிற்கும். பேருந்துக்குள் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ இறங்கிப் போய், மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த கூலிக்காரப் பெண் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தாய்.

"குடுக்கலம்மா எடம், எம் புள்ளைக்கு, காலேஜில," என்றார் அவர். மார்க்கு வாங்கிக்கொண்டுதான் போனானாம். இதைப் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டாய். "பதிஞ்சிக்கோ. நாலு பேரு கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

சந்தைக்கு வந்தவர்களின் வாக்கியங்களை உன் புரோகிராம் ஓரளவு சமாளித்துவிட்டது. அந்த அம்மாவின் வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடு என்றார் வழிகாட்டி. நீ அதைக் குழுவின் முன்னாலேயே ஓட்டினாய். கொடுக்காதது யார் என்ற கேள்விக்கு, 'இடம்' என்று திரையில் வந்தது. கொடுக்காதவர் பெயரை அந்த அம்மா சொல்லாததால், மெஷின் கைக்குக் கிடைத்த சொல்லைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கிவிட்டது. அறையே சிரித்தது. பேசத் தெரியாதவர்களின் பேச்சைக் கொண்டுவந்தால் இப்படித்தான் என்றார் ஒருவர்.

நீ உட்காரவில்லை. "அவங்க பேச்சுல தப்பு இல்லைங்க. யாரு குடுக்கலன்னு அவங்களுக்கே யாரும் சொல்லல. அவங்க சொல்லாதத என் புரோகிராம் சொல்லுது. அதத் திருத்தத்தான் டைம் கேக்கறேன்," என்றாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காக அன்று நான் பட்ட பெருமையை உன்னிடம் சொன்னதே இல்லை.

உதவித்தொகை நின்றுபோனது. நீ மாலை வேளைகளில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் மிச்ச வேலையை முடித்தாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாய். 'கொடுக்காதவர்: சொல்லப்படவில்லை' என்று இருந்தது. "இப்பதான்டி அந்தம்மா பேசனத இது கேட்டிருக்கு," என்றாய். பட்டம் கிடைத்த நாளில்கூட உன்னை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்க்கவில்லை.

நீ இறந்துபோனபிறகு உன் கேசட்டுகள் என்னிடம் வந்தன. இப்போதைய புரோகிராம்கள் சரளமாகப் பதில் சொல்லிவிடுகின்றன. ஆனாலும் என் மாணவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அந்த வாக்கியத்தைத்தான் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவியின் புரோகிராம், இடம் கொடுக்காதவர் கல்லூரி முதல்வர் என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னது. அவராகத்தானே மேடம் இருக்கும் என்றாள் அவள். நான் கேசட்டைப் போட்டேன். அவள் இன்னொருமுறை போடச் சொன்னாள். பிறகு, "அவங்க அப்படிச் சொல்லவே இல்லையே மேடம்," என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாலு பேர் கேட்கட்டும் என்றாரே அந்த அம்மா. அந்த நாலு எப்போதோ தாண்டிவிட்டது. நான் நிறுத்துவதாக இல்லை.