போளிக்கு ஒரு சான்றிதழ்

ஜூன் 9, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்தால் கதவிடுக்கில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் நோட்டீஸ். பதினைந்து நாளுக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டுமாம். அப்புறப்படுத்த! போளி என்ன, மாடிப்படியில் கிடக்கும் உடைந்த நாற்காலியா? கீழே செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் கையெழுத்து. நேற்றுதான் லிப்டில் "மாமி, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டினார்.

மாதவ் உள்ளேயிருந்து "என்னம்மா அது?" என்றான். கரண்ட் பில் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10

போளி போனால் என் பிள்ளை திரும்பவும் அறைக்குள் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 11

எழுதினால் தெளிகிறதா பார்க்கிறேன். போன வருஷ மழையில் தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் மாதவுக்கு மூச்சடைத்தது. யார் யாரோ தூக்கி பெஞ்சில் போட்டார்கள். பிறகு ரயிலைப் பார்த்தாலே நடுக்கம். வேலை போயிற்று. மாசக்கணக்கில் அறையை விட்டு வரவில்லை. இருபத்தாறு வயசுப் பையனுக்குக் கதவோரம் தட்டை வைத்துவிட்டு நான் ஆபீஸ் போனேன்.

என் தங்கை ரஞ்சனாதான் காலொடிந்த இந்தத் தெருக்குட்டியைக் கொண்டுவந்தாள், ரெண்டு நாள் வைத்துக்கொள் என்று. நாயென்றால் கீழே கூட்டிப் போயாக வேண்டுமே, நான் வீட்டில் இல்லாதபோது யார் போவது? அவன் போனான். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு. இப்போது மாதுங்கா மார்க்கெட் வரை போகிறான், பூக்காரியிடம் நின்று பேசுகிறான். டாக்டர் மாத்திரையும் வேலை செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரை ஒருத்தனை மாடி இறங்க வைக்குமா?

கட்டடத்தில் நான் சொல்லி வைத்திருப்பது வேறு. "மாதவுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்."

ஜூன் 14, சனி

ரஞ்சனா போன் செய்தாள். "அக்கா, எமோஷனல் சப்போர்ட் அனிமல், மனசுக்குத் துணையான பிராணின்னு சர்டிபிகேட் இருந்தா ஒருத்தரும் வாலாட்ட முடியாது." ஏதோ ஒரு இணையதளம். நாயின் போட்டோ, பெயர், பணம், இவ்வளவுதான் கேட்டான். மாதவைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டினேன்.

ஜூன் 17

மாதவிடம் நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டு செம்பூர் போய் அவன் டாக்டர் ருக்சானாவிடம் அந்தச் சான்றிதழைக் காட்டினேன். தங்க முத்திரை, போளியின் படம் எல்லாம் பிரமாதம். அவருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. "இது வெளிநாட்டு ஏற்பாடும்மா. இங்கே இப்படி ஒரு சட்டமே கிடையாது. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

மாதவ் சிகிச்சையில் இருக்கிறான், நாயால் நல்ல மாற்றம் தெரிகிறது என்று தன் லெட்டர்பேடில் எழுதித் தர அவர் தயார். ஆனால் மாதவைப் பார்த்துக் கேட்டார்: "இதுல இருக்கறது உங்க சமாச்சாரம். சம்மதமா?"

"குடுங்கோ டாக்டர்," என்றான். டாக்ஸியில் என்னிடம் சொன்னான்: "என்னைக் கேக்காம யாருக்கும் காட்டாதே."

ஜூன் 19

எங்கள் ஆபீஸ் லீகல் செக்‌ஷன் மாரிக்கண்ணன் அரை மணி உட்கார்ந்து விளக்கினார். நாய் கூடாது என்று பொதுக்குழுவே கூடித் தீர்மானம் போட்டாலும் செல்லாதாம், விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறதாம். "வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா? முனிசிபாலிட்டி லைசென்ஸ் இருக்கா? ரெண்டும் இருந்தா வேற எந்த சர்டிபிகேட்டும் வேண்டாம் மேடம். இதை மட்டும் அவங்க முன்னால வைங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

சந்தோஷப்படுவதற்குள் அடுத்தது. "ஆனா வீட்டு ஓனர் விஷயம் வேற. சட்டப்படி நீங்க வாடகைதாரரே இல்ல, லைசென்சி, அதாவது ஓனர் அனுமதியில தங்கியிருக்கறவங்க. பதினோரு மாசம் முடிஞ்சா காரணம் சொல்லாம அனுப்பலாம். அக்ரிமென்ட்ல நாயைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் போடவில்லை. ஓனர் சங்கரன் நம்மவர், பாலக்காடு, பஜனை சமாஜத்தில் பழக்கம். "நாயா? தாராளமா வெச்சுக்கோ அகிலா," என்று போனில் சொன்னார். நம்ம மனுஷாளிடம் எழுத்து கேட்பது மரியாதையா? அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யக் கைரேகை மெஷினோடு ஏஜென்ட் வந்தபோது அடுப்பில் பால். ஓடிவந்து கட்டைவிரலை வைத்துவிட்டு ஓடினேன். அன்றைக்கு ஒரு வரி படிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று சொசைட்டி மீட்டிங்.

மீட்டிங்கில் வழிகாட்டுதலை வைத்தேன், ஊசிச் சீட்டு, லைசென்ஸ் எல்லாம் வைத்தேன். செக்ரட்டரி ஒன்றையும் தொடவில்லை. "சட்டமெல்லாம் இருக்கட்டும் மாமி. அப்படி என்ன அவசியம்? ஒரு நாய் இல்லாம இருக்க முடியாதா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான். பையிலிருந்து டாக்டர் லெட்டரை எடுத்து மேஜையில் அடித்தேன். "என்ன அவசியம்னு படிச்சுக்கோங்கோ!"

மனுஷன் உரக்கப் படித்தார். வரி விடாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல்: "ஐயோ பாவம்."

நோட்டீஸ் வாபஸ். ஜெயிச்சுட்டேன். எதுக்குக் காட்டினேன்? சட்டம் கையில இருந்துதே! ஒண்ணும் பேசாதீங்கன்னு மாரிக்கண்ணன் அத்தனை சொன்னாரே — மாதவ் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் —

ஜூன் 23

மாதவிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா படிச்சார்?" என்றான். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

போளியை நான்தான் கீழே கூட்டிப்போனேன்.

ஜூன் 28

நேற்றுதான் வெளியே வந்தான். நாய் கதவைப் பிராண்டியே வரவழைத்துவிட்டது. இருவரும் லிப்டில் ஏறியதும் மூன்றாம் மாடிக்காரி குழந்தையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாளாம். "போளியைப் பாத்து இல்லைம்மா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஜூலை 12, சனி

சங்கரன் போன். "நாய் இருக்கட்டும் அகிலா, அதுல எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பையனுக்குத்தான்... நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நாலு பேர் என்னைன்னா கேப்பா. ஆகஸ்டோட அக்ரிமென்ட் முடியறதே, அப்படியே விட்டுடலாமே."

நாய்க்கு இடம் இருக்கு. என் பிள்ளைக்கு இல்லை.

மாரிக்கண்ணனைக் கேட்டேன். கெடு முடிந்தால் முடிந்ததுதானாம்.

ஜூலை 26

புரோக்கர், புரோக்கர், புரோக்கர். மாதுங்காவில் நம் சம்பளத்துக்கு இனி ஒன்றுமில்லை. கோவண்டியில் ஒன்று பார்த்தேன், ஜன்னலே இல்லை. செம்பூரில் ஒன்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் காலியாகிறது, அதை விடக் கூடாது. மாதவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: நாயைப் பற்றியும் பேச்சில்லை, டாக்டரைப் பற்றியும் பேச்சில்லை. குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் போளியைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செம்பூர் வீடு. ஓனர் சண்முகவடிவு என்று ஒரு அம்மாள், திருநெல்வேலிப் பக்கம். கீழே அவர் குடும்பம், மாடி வாடகைக்கு. சமையலறை பார்த்தேன், எல்லாம் பேசியாயிற்று. ஏஜென்ட் மெஷினை எடுத்து வைக்கிறான். அப்போது மாதவ்:

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. நான் மனசுக்கு மருந்து சாப்பிடறேன். சில நாள் வெளியிலயே வர மாட்டேன். ஒரு நாயும் இருக்கு. இதுல எது ஆகாதுன்னாலும் இப்பவே சொல்லிடுங்கோ."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாய் கடிக்குமா?"

"கடிக்காது."

"அப்ப என்னத்துக்கு இம்புட்டு யோசன? மாடிக் குழாயில தண்ணி காலையில மட்டுந்தான் வரும். இப்பவே சொல்லிட்டேன், பொறவு சண்டைக்கு வரப்பிடாது."

மாதவ் அக்ரிமென்ட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தான். எல்லோரும் காத்திருந்தோம். நாய் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான், சேர்த்தார்கள். "தம்பி விஷயமும் எழுதணுமா?" என்று ஏஜென்ட் கேட்டான்.

"குடியிருக்க வாறவுக சொகக்கேட்டையெல்லாமா பத்திரத்துல எழுதுவாக? நீ மெசின நீட்டு," என்றார் அந்த அம்மாள்.

இந்தத் தடவை அவன் பெயரும் இருக்கிறது. முதலில் அவன்தான் விரலை வைத்தான்.