மூன்று இங்கி

கராங்சாரி, சிரெபோன்
மழை விட்ட முதல் வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி சர்மாடிக்கு,

அக்கா சுர்த்தினாவின் சலாம். ஒசாகாவில் நீயும் ஹிசாயோவும் குழந்தையும் நலமாக இருக்க அல்லாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

பக்கத்து வீட்டு வார்த்தியின் மருமகன் கப்பல் வேலைக்கு அந்தப் பக்கம் வருகிறான். அவனிடம் கூனி இறாலை இடித்துப் பிடித்த தெராசி ஒரு கட்டி கொடுத்தனுப்புகிறேன். போன தடவை அனுப்பியதை ஹிசாயோ மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி வராந்தாவில் வைத்துவிட்டாள் என்று சொன்னாயே, நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீயே பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சட்டையில் தெராசி வாடை அடிக்கிறது என்று அம்மாவிடம் அழுதவன்தான்.

ஆனால் ஒரு விஷயம், இந்தக் கட்டி நம் கரையில் பிடித்த கூனியில் செய்தது இல்லை. கிழக்குக் கரையிலிருந்து லாரியில் வரும் கூனியை விலைக்கு வாங்கி இடித்தேன். ரெபோன் என்ற கூனியின் பெயரையே சிரெபோன் என்று ஊர்ப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிற நாம் கூனியைக் கடையில் வாங்குகிறோம். அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

உனக்கு நினைவிருக்கிறதா? கூனி வரும் மாதத்தில் விடிவதற்குள் தண்ணீரே இளஞ்சிவப்பாகிவிடும். நான் இடுப்பளவு ஆழத்தில் தள்ளுவலையைத் தள்ளிக்கொண்டு போவேன். என் இடுப்பில் கட்டிய கயிற்றில் கூடை மிதந்து வரும். கூடையைப் பிடித்துக்கொண்டு நீ மிதந்து வருவாய். கூனியை அள்ளி ஈரத்தோடு வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, உப்பு போட்டே பொறந்திருக்குக்கா இது" என்பாய். கரை முழுக்கப் பாய் விரித்துக் காயப்போடுவோம். அந்த வாடையில்தான் நாம் சோறு சாப்பிட்டோம், தூங்கினோம், சண்டை போட்டோம். இப்போது மூக்குக்கு அந்த வாடை எட்டுவதே இல்லை. இத்தனை ஏங்குவேன் என்று நான் நினைக்கவில்லை.

மின்நிலையத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. வீட்டில் விளக்கு எரிகிறது. வார்த்தியின் மகன் அங்கே வாசல் காவலுக்கு நிற்கிறான், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனால் நிலக்கரிக் கப்பலுக்காகக் கடலுக்குள் பாலம் கட்டியதிலிருந்து நீரோட்டம் திசை மாறிவிட்டது. அங்கிருந்து வெளியே விடும் தண்ணீரில் கால் வைத்தால் வெதுவெதுவென்று இருக்கிறது. கூனி கண்ணுக்கே படாமல் போய்விட்டது. மிச்சம் இருக்கும் உப்புப் பாத்தியில் சாம்பல் படிகிறது. வியாபாரி உப்பை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சுர்த்தினா, உப்புக்கும் மிளகு தூவிக் குடுக்குறியா?" என்று கேட்கிறான். நானும் சிரித்துவைக்கிறேன். வேறு என்ன செய்ய?

நோன்புப் பெருநாள் முடிந்ததும் வங்கிக்காரர்களோடு மறுபடி வருகிறேன் என்றாய். இரண்டாவது புகைபோக்கிக்கு. அது எழும்பப் போவது நம் உப்புப் பாத்தியும் இந்த வீடும் இருக்கும் இடத்தில்தான். உங்கள் வங்கி கடன் கொடுத்தால்தான் முதல் செங்கல்லே வைப்பார்களாம், கொடுக்காவிட்டால் எதுவும் எழும்பாதாம். டார்சோ வாத்தியார் சொன்னார். கடன் கொடுக்கும் முன்னால் ஊராரைக் கேட்க வேண்டும் என்பது வங்கியின் சட்டமாம். நல்ல சட்டம்தான். போன தடவையும் கேட்டார்களே.

போன தடவை நீ கோட்டுப் போட்டுக்கொண்டு பந்தலில் வந்து நின்றபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கூடையைப் பிடித்து மிதந்த பையன், அவ்வளவு பெரிய மனிதர்களின் பேச்சையெல்லாம் வாயில் வாங்கி மாற்றிக் கொடுக்கிறான்! தாஸ்மி என் விலாவில் இடித்து, "பாருடி, உன் தம்பி பேசுனா அந்த நரைத்தலை குனிஞ்சு குனிஞ்சு கேக்குது" என்றாள். அந்த நரைத்த பெரியவர் எங்களைப் பார்த்து என்னவோ கேட்டார். நீ நம் பேச்சில் சொன்னாய்: "இங்க மின்நிலையம் வர்றது உங்களுக்குச் சம்மதமான்னு ஐயா கேக்குறாங்க." விருந்தாளி. வெயிலில் வந்தவர். எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவர். அவர் முகத்துக்கு நேரே என்ன சொல்ல முடியும்? எல்லாரும் தலையைக் குனிந்து, "இங்கி, இங்கி, இங்கி" என்றோம்.

தம்பி, எனக்குப் பெண் கேட்டு மீன்தரகர் வந்தாரே, அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அவர் தன் மகனைப் பற்றி அளந்துகொண்டே போனார். அப்பா மரியாதையாக, "இங்கி, இங்கி, இங்கி" என்றார். தரகர் காப்பியைக் குடித்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார், அதோடு சரி. நீ மட்டும், "அப்பா ஆமான்னு சொல்லிட்டாரு, அக்காவுக்குக் கல்யாணம்!" என்று கரை முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தாய். அப்பா உன் காதைத் திருகி மடியில் உட்காரவைத்துச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "டேய் மண்டு, ஒரு இங்கின்னா சரி. ரெண்டுன்னா பாக்கலாம். மூணுன்னா, வாசல் அந்தப் பக்கம் இருக்கு, பாத்துப் போங்கன்னு அர்த்தம்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதற்கப்புறம் அம்மா குளிக்கக் கூப்பிட்டால்கூட, "இங்கி, இங்கி, இங்கி" என்று சொல்லிவிட்டு ஓடுவாய்.

அன்றைக்குப் பந்தலில் அந்தப் பெரியவரிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அந்த மொழி எனக்கு வராது. ஒரே ஒரு சின்ன வார்த்தை சொன்னாய், அவர் சிரித்துத் தலையாட்டினார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாலம் வந்த பிறகு டார்சோ வாத்தியாரும் நகரத்துப் பிள்ளைகள் சிலரும் வங்கிக்கு எழுதிக் கேட்டார்கள். ஊர் முழுக்கச் சம்மதம் சொன்னது, உங்கள் ஊர்க்காரர் வாயாலேயே கேட்டோம் என்று பதில் வந்தது. வாத்தியார் அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் வாசித்தார். யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாஸ்மி மட்டும், "சின்ன வயசுலயே போயிட்டான், மறந்திருப்பான்" என்றாள். அவர்கள் திட்டியிருந்தால் நான் உனக்காகச் சண்டை போட்டிருப்பேன். திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை. மறந்துதான் போனாயா என்று உன்னைக் கேட்க எத்தனையோ தடவை போனை எடுத்தேன். குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

இந்தத் தடவை நேராகவே "ஓரா" என்று சொல்லிவிடுவது என்று பெண்கள் எல்லாரும் முடிவு செய்தோம். முடியாது என்றால் முடியாதுதான், அதில் என்ன வெட்கம்? வாத்தியார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தோளில் துண்டை மடித்துப் போட்டு, அவரே வங்கிப் பெரியவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று குனிந்து கேட்டார். முதலில் வார்த்தி. அவள் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், சந்தையில் போலீஸ்காரனையே ஓடவிட்டவள். எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். "இங்கி... ஐயா முதல்ல வாழைக்காய் வறுவல் எடுத்துக்குங்க" என்றாள். பந்தலே கொல்லென்று சிரித்தது. "நான் சொல்றேன் பாரு" என்று தாஸ்மி எழுந்தாள். அவளும் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு "ஓ" வரைக்கும் வந்தது. வாத்தியார் துண்டை உதறி எறிந்துவிட்டு, "உங்களை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் செய்ய? போங்க, போய் வறுவலையே சாப்பிடுங்க" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது, எங்களால் முடியாது என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது.

அதனால் தம்பி, நீங்கள் வரும்போதும் அதேதான் நடக்கும். காப்பி இருக்கும், வறுவல் இருக்கும். அந்தப் பெரியவர் கேட்பார். நாங்கள் தலையைக் குனிந்து மூன்று தடவை சொல்வோம். மிச்சம் உன் வாயில் இருக்கிறது.

உன் வேலை போய்விடுமோ என்றும் யோசித்தேன். பெண்டாட்டி பிள்ளையோடு அந்நிய ஊரில் இருக்கிறவன். உன்னைச் சங்கடத்தில் மாட்டிவைக்கிறேனே என்று இரண்டு தடவை இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் உன்னைத் தவிர எங்கள் பேச்சு தெரிந்தவர் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

வந்தால் ஓட்டலில் தங்கட்டுமா, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாயே, அது என்ன கேள்வி? உன் பாயை உதறி வெயிலில் போட்டுவிட்டேன். வெங்காயத்தாளும் வெள்ளரியும் போட்டு நாசி லெங்கோ சோறு செய்து வைக்கிறேன். பெரியவரையும் கூட்டிக்கொண்டு வா. அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. காதில் விழுந்ததைத்தானே அவர் நம்பினார்.

இன்னொன்றும் கேட்டிருந்தாய். நகரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், பாத்தியையும் குடிசையையும் கொடுத்துவிட்டு அங்கே வந்துவிடுக்கா என்று. உன் பாசம் எனக்குத் தெரியாதா? நீ கேட்டதற்கு அக்காவின் பதில் இது.

இங்கி. இங்கி. இங்கி.

இதை ஹிசாயோவிடம் அவள் மொழியில் சொல்லிப் பார். அவள் முகம் சிரித்தால், நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று அர்த்தம். மறுபடி சொல்லிப் பார், தம்பி. வருவதற்குள் சரியாக வந்துவிடும்.

அல்லா உன் நாவுக்குத் துணை நிற்கட்டும். குழந்தையின் கன்னத்துக்கு என் முத்தம்.

உன் கூடைக் கயிற்றை இன்னும் அவிழ்க்காத அக்கா,
சுர்த்தினா