மேல் என்று எழுதிய குழாய்

அண்ணா, போன வாரம் ஆய்வகத்துப் பழைய குளிர்பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். அடியில் கிடந்த பிவிசி குழாயின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. குழாயில் உங்கள் கோணல் கையெழுத்து: "மேல்". அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயப்பட்டறைத் தண்ணீர் குளத்தில் இறங்கி, குளத்தை ஒட்டிய உங்கள் கிணறு நிறம் மாறியிருந்த காலம் அது. அந்த மண்ணே ஆதியிலிருந்து அப்படித்தான் என்று பட்டறைக்காரர்கள் சாதித்தார்கள். குளத்து வண்டலில் மேலே படிந்ததில்தான் விஷம், அடியில் பழைய வண்டல் சுத்தம் என்று காட்டிவிட்டால், விஷம் புதிதாக வந்தது என்றாகும், பட்டறை வாய்க்காலை அடைக்கச் சொல்லலாம். மண் எடுக்க வரவேண்டிய நான் காய்ச்சலில் கிடந்ததால் நீங்களே பரிசலில் போய், சேற்றில் இரண்டு குழாய்களை இறக்கி எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். ஒன்றில் "மேல்", மற்றதில் "கீழ்".

நான் மெட்ராஸ்காரி. ஒரே இடத்து வண்டலின் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று எடுத்துக்கொண்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் நீளவாக்கில் பாதியை வழித்து, கலக்கி, சோதித்து, மேலே விஷம், கீழே சுத்தம் என்று பெருமையாக அறிக்கை எழுதினேன்.

நம் புகார் மீதான விசாரணையில் மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று உங்களைக் கேட்டார்கள்.

"ரெண்டு பக்கமுமுங்க. மேல்கரையில ஒண்ணு, கீழ்கரையில ஒண்ணு."

உங்கள் ஊர்ப் பேச்சில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. சாய வாய்க்கால் விழுவது மேற்கில். பழைய அடிமண் என்று நான் எழுதியது எதிர்க்கரை மண்; என் அறிக்கை அங்கேயே செத்தது.

வெளியே டீக்கடையில் டம்ளரைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தேன். "அழுவாதீங்க அம்மிணி. 'கரை'ன்னு இன்னும் ரெண்டெழுத்து சேத்தி எழுதியிருக்கோணும். என்ர தப்புத்தானுங்க" என்றீர்கள்.

மறுபடி மண் எடுக்க அனுமதிக்கு நான் அலைந்து முடிப்பதற்குள், தூர்வாருகிறோம் என்று பொக்லைன் வந்து வண்டலை அள்ளிப்போனது. நீங்கள் கிணற்றுப் பக்கம் போவதையே விட்டுவிட்டதாக அண்ணி சொன்னார். பிறகு நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இந்த வாரம், குழாயில் மிச்சமிருந்த பாதியை விரற்கடை விரற்கடையாக வெட்டிச் சோதித்தேன். மேல் நாலு விரற்கடையில் குரோமியம் எக்கச்சக்கம். அதற்கு அடியில் பழைய நல்ல மண். பாவி நான், அன்றைக்கே கலக்காமல் பார்த்திருந்தால் இந்த ஒரு குழாயே போதுமாயிருந்திருக்கும். இன்று கொண்டுபோனால், 'மேல்' என்பதை மேல்பாதி என்று நீயேதானே எழுதினாய், இது எந்தக் கரை மண் என்று யார் சாட்சி என்று கேட்பார்கள். சொல்ல நீங்கள் இல்லை.

பேனாவை எடுத்து, உங்கள் "மேல்" பக்கத்தில் "கரை" என்று சேர்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை வரவில்லை. மூடி, திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

அலுத்துவிட்டது அண்ணா. ஆனாலும் யார் மண் கொண்டுவந்தாலும், குழாயில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்னால் அவர்களை உட்காரவைத்து, எங்கே எடுத்தீங்க என்று கேட்கிறேன். எல்லாரிடமும் கேட்கிறேன். உங்களிடம்தான் கேட்கவில்லை.