முதல் ஊரிலேயே நின்றவர்கள்

மச்சான்,

பரமட்டாவில் ஒரு பழைய சாமான் கடையின் கூடைக்குள் இன்று அந்த வெள்ளை நாரையைக் கண்டேன். நாம் விளையாடிய வீடியோ விளையாட்டைச் செய்த ஜப்பான் கம்பனியின் சின்னம். விளையாட்டின் அட்டைப்பெட்டி ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. அப்படியே வாங்கிவிட்டேன்.

நாம் சேர்ந்திருந்த பிளாக்டவுன் வீட்டில் அந்தக் கம்பனியைப் பற்றி உனக்கு எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன்! மற்றவர்கள் செய்யும் விளையாட்டில் செத்தவன் மருந்து குடித்து எழும்புவான். இவர்களுடைய போர் விளையாட்டில் செத்தவன் செத்தவன்தான், அதுதான் தரம் என்பேன். நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டு கேட்டிருப்பாய். பிறகு நீயும் தொடங்கினாய். உன் வீரர்களில் இரண்டு பேருக்கு ராசன், வதனி என்று பெயர் வைத்தாய். ஆனால் மாதக்கணக்காக முதல் ஊரிலேயே சுற்றினாய். சந்தை, சத்திரம், கிணற்றடி, திரும்பவும் சந்தை.

"எப்பதான்ரா சண்டைக்குப் போகப்போறாய்?"

"ஏன், இஞ்ச நல்லாத்தானே இருக்கினம்," என்று சிரித்தாய்.

பயந்தாங்கொள்ளி என்று நக்கலடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தபோது, உதவி செய்வதாக நினைத்து உன் ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனேன். மூன்று சண்டை வென்றேன். நாலாவதையும் வென்றேன், ஆனால் அதில் ராசனும் வதனியும் விழுந்தார்கள். ஆட்டத்தை அப்படியே சேமித்தும் வைத்தேன், முட்டாள். எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று உனக்குக் காட்ட வேண்டுமே!

நெற்றியில் திருநீறோடு வந்து திரையைப் பார்த்தாய்.

"நாலு சண்டை தாண்டிட்டன், மச்சான். ரெண்டு பேர்தான் போச்சு," என்றேன்.

கதிரையில் மெல்ல இருந்தாய். "ராசன் என்ர தம்பி. வதனி தங்கச்சி. அப்பவும் நான் வீட்டில இல்லாத நேரம்தான் சண்டைக்கெண்டு வந்து கூட்டிக்கொண்டு போனவை. ரெண்டு பேரும் திரும்பி வரேல்லை."

இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று நான் கேட்டதேயில்லை. அந்தக் கம்பனியின் சரித்திரம் மட்டும் தலைகீழாகத் தெரியும்.

நீ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். அடுத்த மாதம் மெல்பேர்னுக்குப் போனாய். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போயின. மாரடைப்பில் நீ போன செய்தியும் யாரோ சொல்லித்தான் எனக்கு வந்தது. வெட்கமாயிருக்கிறது, மச்சான்.

இன்று பழைய விளையாட்டுப் பெட்டியைத் தூசு தட்டி, டிவியில் பொருத்தினேன். வீரர்களுக்குப் பெயர் வைத்தேன்: ராசன், வதனி, மூன்றாவதாக உன் பெயர். கிணற்றடியில் மூவரையும் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஃபைட்டுக்குப் போங்கோவன்."

"ஏன் பிள்ளை, இஞ்ச நல்லாத்தானே இருக்கினம்," என்றேன்.